நகம் சொன்ன சாட்சி

மூன்றாம் நாள் காலையில்தான் கிட்டுவைக் கண்டோம். கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு உண்டு. அதற்குள் ஒடுங்கிக் கிடந்தான். இரண்டு இரவுகள் தெரு முனைவரை போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தோம். கருவாடு வைத்த தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்தோம். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

கிட்டு எங்கள் வீட்டுக் கடுவன் பூனை. செம்பட்டை நிறம், நான்கு வயது. கையை நீட்டியதும் எழப் பார்த்தான். முன்கால்கள் இரண்டும் ஊன்றின, பின்பாதி தரையோடு இழுபட்டது. வலது தொடையில் தோல் இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. வால் நனைந்த கயிறுபோல் கிடந்தது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. அந்த நிலையிலும் அவன் தொண்டைக்குள் ‘குர்ர்’ என்ற ஒலி ஓடிக்கொண்டிருந்தது.

“நாய் கடிச்சிருக்கும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. “யாரோ கல்லால அடிச்சிருக்காங்க” என்றார் பால்காரர். மொட்டை மாடியிலிருந்து விழுந்திருக்கும் என்றார்கள் எதிர்வீட்டில். எனக்கும் நெஞ்சை அடைத்து நின்றது அதே கேள்விதான்: யார் செய்தது? அதற்கு இன்றுவரை முழு விடை கிடைக்கவில்லை. அடுத்து வந்த வாரங்களில் நான் கற்றுக்கொண்டது வேறு. காயத்தின் கதை தெரியாமலே ஒரு பூனையைப் பிழைக்கவைத்துவிடலாம். அதன் உடம்பு சொல்வதைப் படிக்கத் தெரியாமல் பிழைக்கவைக்க முடியாது.

ஏன் கத்தவில்லை?

பூனை வேட்டையாடும் விலங்கு. ஆனால் உடல் சிறியது என்பதால் நாய், நரி போன்றவற்றுக்கு அதுவே இரையும் ஆகும். கூட்டமாகத் திரியும் விலங்கு அலறினால் உதவிக்கு ஆள் வரலாம். தனியாக வேட்டையாடும் பூனைக்கு யாரும் வரப்போவதில்லை. அலறினால் எதிரிக்குத்தான் இடம் தெரியும். அதனால்தான் அடிபட்ட பூனை இருட்டான இடுக்கைத் தேடிப் போய் அசையாமல் படுத்துக்கொள்கிறது. காணாமல்போன பூனையைத் தெருத்தெருவாகத் தேடுவதற்கு முன் கட்டிலடி, விறகுக் குவியல், நிற்கும் வண்டியின் அடி, மாடிப்படியின் கீழ் என்று வீட்டைச் சுற்றி டார்ச் விளக்கோடு குனிந்து பார்க்க வேண்டும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

குறுகுறுப்புச் சத்தத்தை மகிழ்ச்சியின் அடையாளம் என்றே நினைத்திருக்கிறோம். தாய்ப்பூனை பால் கொடுக்கும்போதும் குட்டி பால் குடிக்கும்போதும் அது எழுவது உண்மை. கடும் வலியிலும் பிரசவத்திலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை குறுகுறுக்கும். ‘குர்ர் என்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அப்படியென்றால் வலியை எப்படி அறிவது? முகத்தில்தான் பார்க்க வேண்டும். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் பூனையின் முகச்சுளிப்பை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதுகளின் நிலை, கண்களின் இடுக்கம், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசை, தலையின் நிலை என ஐந்து அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 2 வரை மதிப்பெண். வலி மிகுந்தால் காதுகள் விலகிப் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், கண்கள் பாதி மூடியிருக்கும், மீசை நேராக விறைத்து நிற்கும், தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கும். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநிவாரணி தேவை என்று பொருள். கருவி எதுவும் வேண்டாம். பூனை விழித்திருக்கும்போது அரை நிமிடம் அமைதியாக உற்றுப் பார்த்தால் போதும். அன்று காலை கிட்டுவின் முகத்தில் இந்த ஐந்தும் இருந்தன. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

செய்ததும் செய்யாமல் விட்டதும்

பழைய கனத்த துண்டை விரித்து, அவனை அப்படியே அதன்மேல் நகர்த்தி, அட்டைப் பெட்டிக்குள் வைத்தோம். முதுகெலும்போ இடுப்போ உடைந்திருந்தால் அள்ளித் தூக்குவதே கேடாகிவிடும். தட்டையாக, தூளி போலத் துண்டோடு தூக்குவதுதான் பாதுகாப்பு. எவ்வளவு செல்லமான பூனையும் வலியில் கடிக்கும். தெரியாத இடத்தில் காயம்பட்டு வந்த விலங்கு வெறிநாயிடம் கடிபட்டிருக்கவும் கூடும். அதன் பல்லோ நகமோ நம் மேல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றிக் கேட்க வேண்டும். இதில் தயக்கமே கூடாது.

வீட்டில் பாராசிட்டமால் இருந்தது. “கால் மாத்திரையைப் பால்ல கரைச்சுக் குடு, வலியாவது குறையும்” என்று ஒருவர் அக்கறையோடு சொன்னார். கொடுத்திருந்தால் கிட்டு இன்று இல்லாமல் போயிருக்கலாம். மனிதக் கல்லீரல் பாராசிட்டமாலோடு ஒருவகைச் சர்க்கரை அமிலத்தை இணைத்து, நீரில் கரையச் செய்து, சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த இணைப்பைச் செய்யும் நொதிக்கான மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதடைந்து கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வந்ததால் தாவர நச்சுகளை முறிக்கும் வேலை அதற்குத் தேவைப்படாமல் போய், அந்த மரபணு செயலிழந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெளியேற வழியில்லாத மருந்து நச்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பேறும், முகமும் பாதங்களும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். மனிதர்களுக்கான மற்ற வலி மாத்திரைகளும் ஆபத்தானவைதான். பினாயிலும் வீட்டுக் கிருமிநாசினித் திரவங்களும் புண்ணில் படக் கூடாது. பூனை அதை நக்கி விழுங்கிவிடும். காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி எடுத்துப் போவதே போதும்.

டாக்டர் முதலில் காலைப் பார்க்கவில்லை

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா உடைந்த பின்பாதியைத் தொடவே இல்லை. உதட்டை விலக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தார். விரலால் அழுத்தி விட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று கவனித்தார். விலா எழுந்து தாழ்வதைப் பார்த்தார். பிறகு வெப்பமானி, அதன்பின் ஸ்டெதஸ்கோப்.

“கால் காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது” என்றார்.

பலத்த அடியால் ரத்த ஓட்டம் தளர்ந்துபோவதை அதிர்ச்சி நிலை என்கிறோம். மனிதனுக்கும் நாய்க்கும் அப்போது இதயம் பறக்கும். பூனைக்குப் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. இதயத் துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் தாழும், உடல் குளிரும். இந்த மூன்றும் கைகோத்து வரும். நலமான பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். மனிதக் கைக்கு அது எப்போதும் கதகதப்பாகவே படும். அதனால் காதும் பாதமும் சில்லென்று இருந்தால் அது அபாய அறிவிப்பு. அவசரப்பட்டுக் கொதிநீர்ப் பையை மேலே வைத்தால் தோல் வெந்துபோகும். மெல்ல, துணி சுற்றி, உடம்பின் நடுப்பகுதியைத்தான் சூடேற்ற வேண்டும். ஆக்சிஜனும், அளந்து ஏற்றும் டிரிப்ஸும், வலிக்கு ஊசியும் கொடுத்த பிறகுதான் எக்ஸ்ரேயின் பேச்சே வந்தது.

எக்ஸ்ரேயும் மார்பிலிருந்துதான் தொடங்கியது. மோதலில் நுரையீரல் நசுங்கி உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். அது முதல் ஒன்றிரண்டு நாட்களில் மோசமாகும். நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே காற்று புகுந்து மூச்சை அமுக்கலாம். உதரவிதானம் கிழிந்து வயிற்றின் உறுப்புகள் மார்புக்குள் ஏறியிருக்கலாம். வெளியே சொட்டு ரத்தம் தெரியாமல் இவை எல்லாம் நடக்கும். நொண்டி நொண்டி நடந்து வந்த பூனை மறுநாள் திடீரென்று இறந்துவிட்டது என்று சொல்லக் கேட்கிறோமே, அங்கே பல நேரம் நடந்திருப்பது இதுதான். கிட்டுவின் நுரையீரலில் லேசான கசிவு இருந்தது. உதரவிதானம் கிழியவில்லை.

சாட்சிகளை விசாரித்தல்

மூச்சு சீரானபின் டாக்டரம்மா அவன் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கடியில் பார்த்தார். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார். “நகத்தைப் பாருங்க.” நான்கு பாதங்களிலும் நகங்களின் நுனி தேய்ந்து, பிளந்து, நார்நாராக இருந்தது.

வண்டி மோதும்போது பூனை தன் நகங்களை முழுக்க நீட்டித் தரையைப் பற்றப் பார்க்கும். மோதிய வேகம் அதைத் தார்ச்சாலையில் தேய்த்து இழுக்கும். அதனால்தான் நார்நாராகிய நகம் சாலை விபத்தின் வலுவான அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால் மருத்துவர் ஒரு சாட்சியை மட்டும் நம்புவதில்லை. மற்றச் சாத்தியங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்து விலக்குகிறார்.

நாய் கடித்திருந்தால் முதுகிலோ மார்பிலோ எதிரெதிராகப் பல் பதிந்த துளைகள் இருக்கும். நாய் கவ்விய இரையை உதறும். வெளியே பார்க்க இரண்டு சிறு ஓட்டைதான் தெரியும், அடியில் தோல் தசையிலிருந்து பிரிந்து, தசை கூழாகியிருக்கும். அதனால் நாய்க்கடியில் காயத்தின் அளவை வெளித்தோற்றத்தால் எடை போடக் கூடாது.

இன்னொரு பூனையோடு சண்டை என்றால் காயம் வேறு மாதிரி. எதிர்த்து நின்ற பூனைக்குத் தலையிலும் முன்காலிலும் கடி இருக்கும். ஓடிய பூனைக்கு வாலின் அடியில் இருக்கும். பூனையின் கோரைப்பல் ஊசிபோல மெல்லியது. அது ஆழமாக இறங்கி, வாயிலேயே வாழும் பாஸ்சுரெல்லா போன்ற பாக்டீரியாக்களை உள்ளே விட்டுவிடுகிறது. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். சில நாட்களில் அந்த இடம் வீங்கிச் சீழ்க்கட்டியாகும், காய்ச்சல் வரும்.

உயரத்திலிருந்து விழுந்ததா? விழும் பூனை காற்றிலேயே உடம்பைத் திருப்பிக் கால்களால் இறங்கும். இதை 1894-இல் பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியேன் ஜூல் மரே தொடர் நிழற்படங்களாக எடுத்துக் காட்டினார். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக முறுக்கிக்கொள்வதால் பிடிமானம் இல்லாமலே அதற்குத் திரும்ப முடிகிறது. ஆனால் கால்களில் இறங்குவதாலேயே காயம் இல்லாமல் போய்விடாது. நியூயார்க்கின் ஒரு விலங்கு மருத்துவமனை, 1984-இல் ஐந்து மாதங்களில் மாடிகளிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் எழுதியது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் மோவாய் தரையில் மோதி மேலண்ணம் பிளந்தவை, மார்பில் அடிபட்டவை, பல் உடைந்தவை பல. விழுந்த இடத்திலேயே இறந்தவற்றை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும். கிட்டுவின் மோவாயும் அண்ணமும் பழுதில்லாமல் இருந்தன.

கடைசியாக, அடியே படாமல் அடிபட்டதுபோல் தோன்றும் நோய் ஒன்று உண்டு. இதயத் தசை தடித்த பூனைகளில் ரத்தம் இதய அறையிலேயே உறைந்து, அந்தக் கட்டி நழுவி, பின்கால்களுக்குப் போகும் பெருந்தமனியின் கிளைப்பில் சிக்கிக்கொள்ளும். அரை மணிக்கு முன் விளையாடிய பூனை திடீரென்று பின்கால்களை இழுக்கும், பூனைக்கு வழக்கமில்லாத விதத்தில் அலறும். பின்பாதங்கள் முன்பாதங்களைவிடக் குளிர்ந்து வெளிறிப் போகும், தொடையில் நாடி இருக்காது. கிட்டுவுக்குத் தொடை நாடி இரண்டு பக்கமும் துடித்தது.

எக்ஸ்ரே முடிந்ததும் சாட்சியங்கள் ஒன்று சேர்ந்தன. இடுப்பெலும்பு இரண்டு இடங்களில் உடைந்திருந்தது. வாலின் அடியில் முதுகெலும்புத் தொடர் விலகியிருந்தது. “வால் சக்கரத்தில சிக்கியிருக்கலாம். இவன் தப்பிக்க முன்னால பாய்ஞ்சிருப்பான்” என்றார் டாக்டரம்மா. எந்த வண்டி, எந்த இரவு என்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.

லண்டனில் தேடிய கொலைகாரன்

யார் செய்தது என்ற கேள்வி மனித மனத்தை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. தெற்கு லண்டனின் குரோய்டன் பகுதியில் 2014 முதல் தலையோ வாலோ துண்டிக்கப்பட்ட பூனைகளின் உடல்கள் கிடைக்கத் தொடங்கின. வெட்டு அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால், கத்தியோடு திரியும் ஒரு கொடூரன்தான் காரணம் என்று மக்கள் நம்பினார்கள். நாளிதழ்கள் அவனுக்குப் பெயரும் வைத்தன. பெருநகரக் காவல்துறை 2015-இல் ‘ஆபரேஷன் தகாஹே’ என்ற விசாரணையைத் தொடங்கியது. நானூறுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன.

2018 செப்டம்பரில் காவல்துறை விசாரணையை முடித்துக்கொண்டது. மனிதன் செய்ததற்கு ஆதாரம் இல்லை. பூனைகள் பெரும்பாலும் வாகனங்களில் அடிபட்டு இறந்திருக்கின்றன, பிறகு நரிகள் உடல்களைச் சிதைத்திருக்கின்றன. நரிகள் பூனையின் உடலைக் கவ்விச் செல்லும் கண்காணிப்புக் கேமராக் காட்சிகளும் கிடைத்திருந்தன. ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியலாளர்கள் 32 உடல்களை ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தனையிலும் நரியின் மரபணுத் தடயம் இருந்தது. நரியின் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல ஒன்றையொன்று உரசி இறங்குபவை. அவை வெட்டிய ஓரம் கத்தி வெட்டைப் போலவே தோன்றும்.

செல்லப்பிராணியை இழந்தவர்களின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. விலங்குகளை வேண்டுமென்றே வதைப்பவர்கள் உலகில் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படிச் சந்தேகம் வந்தால் படம் எடுத்து, மருத்துவரின் அறிக்கையோடு காவல்நிலையம் போக வேண்டும். ஆனால் காயத்தைப் பார்த்ததும் கை நீட்டிக் குற்றவாளியைக் காட்டிவிட முடியாது என்பதை அந்த 32 உடல்கள் சொல்கின்றன. கல்லெறிந்திருப்பான் என்று எதிர்வீட்டுப் பையன் ஒருவனை நான் இரண்டு நாள் மனத்துக்குள் குற்றம்சாட்டியிருந்தேன். தேய்ந்த நகங்கள் அவனை விடுவித்தன.

வாலுக்குள் ஒளிந்திருந்த ஆபத்து

வால் செத்துப் போனாலும் பூனை வாழும் என்றுதான் நினைத்திருந்தேன். பயப்பட வேண்டியது வாலுக்காக அல்ல, மூத்திரப்பைக்காக என்று டாக்டரம்மா விளக்கினார்.

முதுகெலும்பின் கடைசிப் பகுதியில் தண்டுவடம் முடிந்து, நரம்புகள் குதிரைவால் மயிர்போலப் பிரிந்து ஓடுகின்றன. வாலுக்குப் போகும் நரம்புகளும், மூத்திரப்பைக்கும் மலவாய்க்கும் போகும் நரம்புகளும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. வாலைப் பிடித்து இழுத்தால் அந்தக் கொத்து முழுவதும் இழுபடும். குழந்தைகள் விளையாட்டாகப் பூனையின் வாலை இழுப்பதைத் தடுக்க வேண்டியதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

நரம்பு தளர்ந்த மூத்திரப்பை நிரம்பும், ஆனால் சுருங்காது. நிரம்பி வழிந்து சொட்டுவதைப் பார்த்து, மூத்திரம் போகிறதே என்று ஏமாந்துவிடுவோம். உண்மையில் பை விம்மிக்கொண்டிருக்கும், சிறுநீரகங்கள் பழுதாகும். கிட்டுவின் அடிவயிற்றில் சாத்துக்குடி அளவுக்கு ஓர் உருண்டை கைக்குத் தட்டுப்பட்டது. இரு பக்கமும் விரல்களால் அணைத்து, மெல்ல, சீராக அழுத்தி அதை வெளியேற்றும் முறையை டாக்டரம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான்கு முறை அவர் கண்ணெதிரில் செய்து காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். அவசரப்பட்டு அழுத்தினால் பை கிழிந்துவிடும். கற்காமல் செய்யக் கூடாத வேலை அது. ஒரு நாளைக்கு மூன்று முறை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

நம்பிக்கைக்கும் ஓர் அடையாளம் இருந்தது. வாலின் அடியைக் கிள்ளியபோது கிட்டு தலையைத் திருப்பிப் பார்த்தான். அந்த இடத்தில் உணர்ச்சி மிஞ்சியிருக்கும் பூனைகளில் பெரும்பாலானவை மூத்திரக் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுகின்றன. அறுபடாமல் நசுங்கிய நரம்பு சில வாரங்களில் தெளியலாம். உள்ளிழை அறுந்திருந்தால் அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் மீண்டும் வளரும். ஒரு மாதம் கடந்தும் மாற்றம் இல்லையென்றால் நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். காலண்டரில் நான் தேதிகளை எண்ணத் தொடங்கினேன்.

பால்சோறு போதாது

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் நாள் கிட்டு எதையும் தொடவில்லை. மனிதனுக்குப் பட்டினி மருந்தாகலாம். பூனைக்கு அது விஷம். சில நாட்கள் சாப்பிடாவிட்டால் அதன் உடம்பு சேமித்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்பும். அவ்வளவு கொழுப்பைக் கையாளப் பூனையின் கல்லீரலால் முடியாது. செல்களுக்குள் கொழுப்பு அடைத்து, காதும் ஈறும் மஞ்சளித்து, கல்லீரல் செயலிழக்கும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். காயத்திலிருந்து தப்பிய பூனையைப் பட்டினி கொன்றுவிடலாம். அதனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் கழுத்து வழியே உணவுக்குழாயில் மெல்லிய குழாய் பொருத்தி உணவு செலுத்துவார்கள்.

நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் தயிர்சோறும் வைப்பது பழக்கம். எலியும் பல்லியும் பிடித்துத் தின்று பூனையே மீதியைச் சரிக்கட்டிக்கொள்ளும். காயம் ஆறக் கூண்டில் கிடக்கும் பூனைக்கு அந்த வழி இல்லை. பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்கள் அதற்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டும். ஆர்ஜினின் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு, சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிப் பூனையைச் சாய்த்துவிடும் என்று 1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். காயம் ஆறும்போது தசையும் தோலும் புதிதாக நெய்யப்படுவதற்குப் புரதம் இன்னும் அதிகமாக வேண்டும்.

மத்தி மீனை உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக மூக்கருகே நீட்டினேன். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதன் பசியைத் தூண்டுவது வாசனைதான், சூடு அதை எழுப்பிவிடும். குழம்பு மீனைக் கழுவிக் கொடுப்பதும் தவறு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மூன்றாவது முறை நீட்டியபோது கிட்டு நாக்கை நீட்டினான். அம்மா அடுப்படியிலிருந்தே, “தின்னுட்டானா?” என்று கேட்டார். எனக்குக் குரல் எழவில்லை.

எலும்பும் தோலும் தத்தம் வேகத்தில்

இடுப்பெலும்பு ஒரு பெட்டிபோல மூடிய வளையம். அதனால் பெரும்பாலும் ஒரே இடத்தில் உடையாது. முறுக்கை உடைத்தால் இரண்டு இடத்தில் உடைவதுபோலத்தான். உடம்பின் பாரம் இறங்கும் பாதை விலகாமல் இருந்தால் அறுவை இல்லாமல் ஓய்வில் வைத்தே எலும்பைக் கூடச் செய்துவிடலாம். கிட்டுவுக்கு அப்படித்தான் அமைந்தது. ஐந்து வாரம் கூண்டு என்றார் டாக்டரம்மா.

“பாவம், கொஞ்ச நேரம் திறந்து விடேன்” என்று அம்மா தினமும் கேட்டார். கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு நான் இப்படிச் சொன்னேன். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதற்குள் புதிய ரத்தக் குழாய்கள் புகுகின்றன. சில வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான பாலம் உருவாகிறது. பிறகு அதில் கால்சியம் படிந்து கெட்டியாகிறது. அந்தப் பாலத்தைச் செதுக்கி, வேண்டாததைக் கரைத்து, வேண்டிய இடத்தில் பூசி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவரப் பல மாதம் ஆகும். இரண்டாம் வாரம் வலி குறைந்ததும் பூனை குதிக்கப் பார்க்கும். அப்போது பாலம் இன்னும் களிமண். ஒரு தாவல் போதும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

தோல் விஷயத்தில் நாய்க்கும் பூனைக்கும் வேறுபாடு உண்டு. தையல் போட்ட காயத்தை ஏழாம் நாளில் இழுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், பூனைத் தோலின் வலு நாய்த் தோலின் வலுவில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. 2004-இல் வெளியான ஆய்வு அது. திறந்த புண்ணில் சிவந்த புதுத்தசை வளர்வதும் பூனையில் தாமதமாகவே தொடங்குகிறது. மேலே மூடியதும் ஆறிவிட்டது என்று நினைத்துத் தையலையும் கழுத்துக் கூம்பையும் சீக்கிரம் எடுத்துவிடக் கூடாது. கிட்டுவின் நாக்கு அரம் போன்றது. அது காயத்தைச் சுத்தம் செய்வதைவிடத் தையலைப் பிரிப்பதில்தான் கைதேர்ந்தது.

கூண்டின் ஒரு மூலையில் ஒரு பக்கம் திறந்த அட்டைப் பெட்டியை வைத்தோம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் அமைதியடைந்தன. கல்லிடுக்கில் அவன் தேடியதும் அதைத்தானே. இந்த முறை அந்த இடுக்கு எங்கள் கண்ணெதிரில் இருந்தது.

குறுகுறுப்பின் மருத்துவம்

இரவுகளில் கூண்டிலிருந்து அந்த ஒலி எழும். பூனை குறுகுறுத்தே தன் எலும்பை ஆற்றிக்கொள்ளும் என்று பலர் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு. குறுகுறுப்பின் அதிர்வெண் பெரும்பாலும் நொடிக்கு 25 முதல் 150 வரை. நொடிக்கு 30 அதிர்வு கொண்ட மெல்லிய நடுக்கத்தைத் தினமும் சிறிது நேரம் என ஓராண்டு கொடுத்தபோது செம்மறியாடுகளின் தொடையெலும்பு அடர்ந்தது என்று 2001-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க மனம் துடிக்கிறது. ஆனால் பூனையின் குறுகுறுப்பே அதன் முறிந்த எலும்பைக் கூட்டுகிறது என்று யாரும் இதுவரை நிரூபித்துக் காட்டவில்லை. குறுகுறுப்பு எப்படிப் பிறக்கிறது என்பதிலேயே 2023-இல் வியன்னா ஆய்வாளர்கள் புது வெளிச்சம் காட்டினார்கள். இறந்த பூனைகளின் குரல்வளை வழியே வெறும் காற்றைச் செலுத்தியபோதே அந்தத் தாழ்ந்த ஒலி எழுந்தது. குரல்நாணில் புதைந்திருக்கும் திசுத் திண்டுகள் அதை மெதுவாக அதிரவைக்கின்றனவாம்.

மருந்தோ இல்லையோ, இருட்டில் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கினேன். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாமல், எழுந்ததும் முதலில் அவன் காதையும் கண்ணையும் மீசையையும் பார்த்தேன்.

பதினெட்டாம் நாள் காலையில் கூண்டின் மண் தட்டில் ஈரம் இருந்தது. வழிந்த சொட்டு இல்லை. அவனே குழி பறித்து, இருந்து, பக்கத்து மண்ணை இழுத்து மூடியிருந்தான். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், உருண்டை இல்லை. ஈர மண்ணுக்காக ஒரு வீடு அவ்வளவு கொண்டாடும் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா பால்காரரிடம்கூடச் சொன்னார்.

ஏழாம் வாரம் அவன் துவைக்கும் கல்லின்மேல் ஏறினான். முதலில் முன்கால்கள், ஒரு நிதானம், பிறகு பின்கால்கள். இப்போது இரவில் அவனை வெளியே விடுவதில்லை. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

வால் முழுதாகத் திரும்பவில்லை. அடிப்பகுதி அசைகிறது, மீதி தொங்குகிறது. பூனைகள் வேண்டியவரைக் கண்டால் வாலைக் கம்பம்போல் நிமிர்த்தி வரும், அதுதான் அவற்றின் வணக்கம். கிட்டுவால் இனி அது முடியாது. நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவன் வாலைத் தொங்கவிட்டபடி வருகிறான். என் முழங்காலில் நெற்றியை வைத்து அழுத்திவிட்டு அப்படியே நிற்கிறான். நானும் பையைக் கீழே வைக்காமல் சற்று நேரம் அப்படியே நிற்கிறேன்.